நாகலக்ஷ்மி வாங்கப் போன சுரப்பி

1986-ல் நாகலக்ஷ்மிக்கு இருபத்தேழு வயது. மாட்டுங்காவில் அவள் குடியிருந்த கட்டடத்தில், அவள் செம்பூர் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் அவள் அம்மா, "ஏதோ ரத்த சம்பந்தமா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அம்மாவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். முட்டை ஓடுகூடப் படியேறாத அந்த வீட்டுப் பெண் வாராவாரம் ஆட்டுக்குட்டியின் சுரப்பியைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்குகிறாள் என்று தெரிந்திருந்தால் படிப்பு அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்தச் சுரப்பிக்குத் தைமஸ் என்று பெயர். நெஞ்செலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே வெளுப்பாக உட்கார்ந்திருக்கும். கிருமிகளை அடையாளம் கண்டு சண்டைபோடும் செல்களில் ஒரு வகை வளர்ந்து பக்குவப்படுவது அங்கேதான். வயதானால் அது சுருங்கிப்போகும் என்பதால் குட்டியிடமிருந்துதான் எடுக்க வேண்டும். ஈரல் செல்லிலும் தைமஸ் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். பிறகு ஒன்று ஈரலாகவும் இன்னொன்று காவல்காரனாகவும் ஆவது எப்படி? மரபணு இழை, புரத உருண்டைகளின் மேல் சுற்றிச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தைச் செல்லால் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். எந்தச் செல்லில் எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நாகலக்ஷ்மியின் வேலை. தளர்ந்த இடத்தை மட்டும் வெட்டும் நொதி ஒன்றை விடுவாள். துண்டுகள் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாக விழும்.

நறுக்கப் பழகிவிட்டாளே தவிர, கறிக்கடைக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பொறுப்பை லேப் உதவியாளர் ஜம்புவிடம் ஒப்படைத்துவிட்டாள். ஜம்புவின் வீடு தாராவியில். பக்கத்துத் தெருவில் உதுமான் பாய் கறிக்கடை வைத்திருந்தார். அவர் விடியற்காலையில் தேவ்னார் ஆடறுக்கும் தொட்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். தைமஸும் கொஞ்சம் ஈரலும் ஐஸ் பெட்டியில் ஏறி, ஜம்புவோடு பஸ் பிடித்துச் செம்பூர் வந்து சேரும்.

முதலில் ஃபிலிமில் ஒன்றும் தெளிவாக இல்லை. ஓரிரு மாதம் கழித்துத் திடீரென்று பிரமாதமாக விழ ஆரம்பித்தது. ஈரல் பக்கம் எல்லாம் கட்டுக்கோப்பாக இருந்தது. தைமஸ் பக்கமோ எந்த மரபணுவைப் பார்த்தாலும் நொதி புகுந்து வெட்டித் தள்ளியிருந்தது. அவளுடைய வழிகாட்டி டாக்டர் அனந்தநாராயணன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

"பாத்தியோ நாகா? தொறந்து கெடக்கு! சகலமும் தொறந்து கெடக்கு!"

"அதான் சார் எனக்கு இடிக்கறது. ஹீமோகுளோபின் ஜீன்கூட தொறந்திருக்கே. தைமஸுக்கு அது எதுக்கு?"

"அங்கதான் விஷயமே இருக்கு. வளர்ற செல் மொதல்ல எல்லாக் கதவையும் தொறந்து வெச்சுக்கறது. அப்பறம் வேண்டாததை ஒண்ணொண்ணா சாத்தறது. மறுபடி பண்ணிப் பாரு."

மறுபடி பண்ணினாள். மறுபடியும் அதேதான். அனந்தநாராயணன் அதற்குத் 'திறந்த வீட்டுக் கொள்கை' என்று பெயர் வைத்தார். பெங்களூர் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். மதிய வேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் உரையை ஒத்திகை பார்ப்பது வராந்தாவரை கேட்டது. கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்துவதுகூடக் கேட்டது. நாகலக்ஷ்மிக்கு மட்டும் உள்ளூர ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

மாநாட்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஜம்பு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார். கடைசியாக ஒரு தடவை சோதனை பண்ணியே ஆகவேண்டும். வேறு ஆள் இல்லை. நாகலக்ஷ்மி கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் நனைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு தாராவிக்குக் கிளம்பினாள். தெரு முனையிலிருந்தே கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு நடந்ததில் முதலில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்துவிட்டாள். தையல்காரர் கைபிடிக்காத குறையாக அழைத்து வந்து உதுமான் கடையில் விட்டார்.

"லேப் சாமானா? உள்ள வீட்ல ரெடியா இருக்கு, போங்கம்மா" என்றார் உதுமான்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ராபியா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்கம்மா, நீங்கதானா அது? ஜம்பு அண்ணன் உங்களப் பத்திச் சொல்லாத நாளே கெடையாது."

அடுப்படி மேடையில் ஒரு எவர்சில்வர் சட்டி இருந்தது. அதில் எலுமிச்சை மூடிகளுக்கு நடுவே நாகலக்ஷ்மியின் தைமஸ் மிதந்துகொண்டிருந்தது. அவள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"இது என்ன தண்ணி?"

"அந்தப் பிள்ளை மூக்கப் பொத்திக்கிட்டு வெட்டுது பாவம்னு ஜம்பு அண்ணன் ஒரு நா சொன்னாவ. எனக்கு மனசு கேக்கல, பாத்துக்கிடுங்க. அதுலருந்து கல்லுப்பு போட்டு நல்லாத் தேச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊறவெச்சுத்தான் குடுத்து விடுதேன். மஞ்சள் மட்டும் போடல. கறை புடிச்சா உங்களுக்கு எடஞ்சல்லா? இப்ப வாடை வருதா, சொல்லுங்க?"

நாகலக்ஷ்மிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரபணு இழையிலிருந்து புரத உருண்டைகளைக் கழற்ற லேபில் செறிவான உப்புக்கரைசல் விடுவார்கள், இல்லாவிட்டால் அமிலம். ராபியா இரண்டையுமே தாராளமாக விட்டிருந்தாள். இறுக்கி வைத்ததெல்லாம் தாராவியிலேயே குலைந்துபோய்த்தான் செம்பூருக்கு வந்திருக்கிறது.

"ஈரலையும் இப்படித்தான் கழுவினேளா?"

"ஐயே, ஈரல ஊறவெச்சா ருசி செத்துப்போகும்லா! அது வந்தது வந்தபடிதான்." ராபியா அவள் முகத்தைப் பார்த்துக் கலவரமானாள். "ஏம்மா ஒருமாதிரி ஆயிட்டிய? உப்பு கூடிப்போச்சா?"

அழ வேண்டியதுதான். ஆனால் நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னவென்று புரியாமல் ராபியாவும் கூடச் சிரித்தாள்.

அனந்தநாராயணன் சிரிக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சம்பழமா?"

"ஆமா சார். கல்லுப்பும்."

"அப்போ ஈரலுக்கு ஏன் போடலை?"

"ருசி போயிடுமாம், சார்."

மாநாட்டுக்கு வரவில்லை என்று பெங்களூருக்குத் தந்தி அடிக்க அவர் தாளை எடுத்தார். காரணம் என்ன எழுதுவது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. அவருக்கு அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கடைக்கு அவளே போனாள். கழுவாமல் தரச்சொல்லி ராபியாவைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தேடி வந்த பெண்ணுக்கு அழுக்கோடு பொருளைக் கொடுப்பதா என்று அவள் மல்லுக்கு நின்றாள்.

"மாட்டுங்காவுலருந்து வந்து அழுக்காத்தான் வேணுங்குது இந்தப் பிள்ளை" என்று கடைப்பக்கம் பார்த்து உதுமானிடம் முறையிட்டாள்.

"கேக்கறத குடேன். லேபுக்காரங்களுக்கு ஆயிரம் இருக்கும்" என்றார் அவர், கத்தியை நிறுத்தாமல்.

இரண்டு மாதம் கழித்துப் புது ஃபிலிம் வந்தது. தைமஸிலும் ஹீமோகுளோபின் மரபணு இறுக்கமாக மூடியிருந்தது. ஈரலிலும் அப்படியே. ஆனால் கிருமியை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றுக்கு உரிய மரபணுவின் பக்கத்தில், தைமஸில் மட்டும், ஒரே ஒரு இடம் தளர்ந்திருந்தது. முடி கனத்தில் ஒரு கோடு. நாகலக்ஷ்மி அதை மூன்று முறை பண்ணிப் பார்த்த பிறகுதான் வெளியே சொன்னாள்.

அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், சார்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கோ தரையில் கால் பாவவில்லை. அன்று சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, தனியாக ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அந்த ஒற்றைக் கோட்டை வைத்துத்தான் 1988-ல் அவளுக்குப் பட்டம் கிடைத்தது.