கெத்தாம் தீவுக்குப் போன கல்யாண நகை

ஞாயிற்றுக்கிழமை கெத்தாம் தீவுக்குப் படகேறி நண்டு தின்னப் போகிறோம், நீங்களும் வாங்க அத்தை என்று மருமகள் கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன். கடல் என்றால் பயமா என்று கேட்டுச் சிரித்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குக் கடல்மேல் பயம் கிடையாது. அந்தத் தீவில் நான் பட்ட பயம் வேறு.

அப்போது எனக்கு எட்டு வயது. கிள்ளானில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுது பார்ப்பவர். அவர் கை வைத்த இஞ்சின் நடுக்கடலில் நின்றதாகப் பேச்சே இல்லை. அதனால் கெத்தாமில் இருந்த சீன நண்பர் ஒருவர், புதுப் படகு வாங்கியதற்கு எங்களை விருந்துக்கு அழைத்தார்.

அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். அட்டிகை, வளையல், தோடு, நெற்றிச்சுட்டி என்று வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டில் முந்தின வாரம்தான் திருடன் புகுந்து, அரிசி டின்னுக்குள் ஒளித்திருந்ததைக்கூட எடுத்துப் போயிருந்தான். அக்கா பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் தையல் பழகிக்கொண்டிருந்தாள். ஆக, வீடு பூட்டிக் கிடக்கப்போகிறது; நகையைக் கையோடு எடுத்துப் போக வேண்டியதுதான்.

“கெத்தாம்ல திருட்டே கிடையாதுடி. எந்த வீட்டுலயும் பூட்டு இல்ல” என்றார் அப்பா.

“பூட்டே இல்லாத ஊர நம்பி எப்படிப் போறது?” என்றாள் அம்மா.

போட்டுக்கொண்டு போனால் படகிலேயே கழுத்தை அறுத்துவிடுவார்களாம். கடைசியில் நகையை எல்லாம் பழைய வேட்டித் துணியில் சுருட்டி, என் பாவாடைக்குள் இடுப்போடு இறுக்கிக் கட்டினாள். சின்னப் பிள்ளையை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு.

“யாராவது தொட்டா கத்து. இது போச்சுன்னா உங்கக்கா கல்யாணம் போச்சு, தெரிஞ்சுக்க.”

படகில் எல்லாரும் என் வயிற்றையே பார்ப்பது போல இருந்தது. ஒரு சீனக் கிழவர் பிஸ்கட் நீட்டினார். நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவர் எனக்கு வயிற்றுவலி என்று அப்பாவிடம் சொல்ல, படகே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தீவு என்றால் மண் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே மண்ணே இல்லை. கடலில் கம்பு நட்டு அதன்மேல் வீடுகள். வீட்டுக்கு வீடு பலகைப் பாதை. கடல் வற்றியிருந்த நேரம், பலகை இடுக்கு வழியாகக் கீழே கருஞ்சேறும் அதில் நண்டுகள் ஓடுவதும் தெரிந்தன. அப்பா சொன்னது போலவே எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு சாமி விளக்கு, சுருட்டிய பாய், வலை. இவர்களிடம் ஒன்றுமே இல்லையே, நம்முடையதைக் கண்டால் விடுவார்களா என்று எனக்குப் பயம் இன்னும் கூடியது.

விருந்து நடுவில் எனக்கு ஒதுங்க வேண்டிவந்தது. அந்த வீட்டுக் கக்கூசில் பலகையில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே கடல் வற்றிய சேறு. முடிச்சு அவிழ்ந்தால் அட்டிகை நேராகச் சேற்றுக்குப் போய்விடும். யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து தரை தேடி நடந்தேன். ஈரப் பலகையில் கால் வழுக்கிக் கீழே விழுந்தேன்.

சேறு இடுப்புவரை இழுத்தது. நகை மூட்டை கல்லாகக் கனத்தது. கத்தினால் ஆள் வரும், வந்தால் மூட்டையைப் பார்ப்பார்கள். அதனால் நான் கத்தவில்லை. தூரத்திலிருந்து தண்ணீர் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அப்போதும் கத்தவில்லை.

எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த சீனத்தி ஒருத்தி பார்த்துவிட்டாள். ஏணி வழியாக இறங்கி, என் அக்குளில் கைகொடுத்து உருவி எடுத்தாள். தன் வீட்டுக்குள் கொண்டுபோய் என் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கத்தினேன்.

“ஜாங்ஙான் தாக்குட், ஜாங்ஙான் தாக்குட்” என்றாள். பயப்படாதே என்று அர்த்தம். பயப்படாமல் எப்படி? மூட்டை அவள் கையில் இருந்தது.

மூலையில் மூடி போட்ட பெரிய ஜாடி. என்னை ஒரு தொட்டியில் நிறுத்தி, ஜாடியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். காது, மூக்கு, தலைமுடி எல்லாம் சேறு. அது போகிறவரை ஊற்றினாள். கைலி ஒன்றைச் சுற்றிவிட்டாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள். என்னைக் கழுவியதில் தொட்டியில் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலேயே நகைகளை அலசி, வாசல் பலகையில் கருவாட்டுத் தட்டில் ஒரு ஓரமாகப் பரப்பிவிட்டு, திரும்பவும் வலை பின்ன உட்கார்ந்தாள்.

அக்காவின் அட்டிகை கருவாட்டோடு காய்ந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், என்னைக் காட்டி என்னவோ பேசிச் சிரித்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் நிற்கும்போதும் அக்கா கல்யாணம் நின்றுபோனது எனக்கு. ஒரு பூனை வந்தபோது மட்டும் அவள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். காவல் எல்லாம் கருவாட்டுக்குத்தான்.

அம்மா தேடி வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் அப்பா ஓடிவந்தார். அம்மா ஒவ்வொரு நகையாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. எனக்கு முதுகில் ஒரு அடி கொடுத்தாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சீனத்தியிடம் நீட்டினாள். அம்மா கழற்றிக் கொடுக்கிற ஆள் இல்லை.

சீனத்தி வாங்கவில்லை. ஜாடியைச் சாய்த்து அப்பாவுக்குக் காட்டினாள். ஜாடியின் அடி தெரிந்தது. சிரித்துக்கொண்டே, “லாயின் காலி டத்தாங், பாவா ஆயேர் லா” என்றாள். அடுத்த முறை வந்தால் தண்ணீர் கொண்டு வா என்கிறாள்.

திரும்பி வருகிற படகில் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

“தங்கத்தக் குடுத்தா தண்ணி கேக்குறா. புத்தி மட்டு போல.”

“அங்க மழத் தண்ணிதாண்டி குடிக்க. மழ பேஞ்சு மாசமாச்சு” என்றார் அப்பா.

எனக்கும் அம்மா சொன்னதுதான் சரியாகப் பட்டது. தங்கம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பாவப்பட்ட பொம்பளையிடம் மாட்டியதால் நகை தப்பித்தது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் குழாயைத் திறந்து, கால் நகத்தில் மிச்சமிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவினேன். அதற்குள் வாசலில், சித்தி வீட்டிலிருந்து வந்த அக்காவின் குரல் கேட்டது. நகை பத்திரம் என்று சொல்ல, குழாயை மூடாமலே ஓடினேன். அப்பா போய் மூடினார். மூடிய பிறகும் ஏன் அவர் குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.