அஷ்டமியில் கடலுக்கு அனுப்பியவர்

சென்ற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, ‘தெளிந்த நீரில் வண்ணப் பவளங்கள் உங்களை வரவேற்கின்றன’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது தொலைபேசி ஒலித்தது. சௌந்தரராஜன் அண்ணனின் மனைவி பத்மாவதி அக்கா பேசினார். “தம்பி, அவரு போயிட்டாரு. செத்த முன்னாடிதான்” என்றார். வாரேன் என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தில் விடுபட்டிருந்த முற்றுப்புள்ளியை வைத்தேன். பிறகுதான் எழுந்தேன். பல ஆண்டுகள் விளம்பரம் எழுதிய கைக்கு அதற்குமேல் மரியாதை தெரிவதில்லை.

தாடிக்கொம்பு சௌந்தரராஜன் அவர்களை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். திண்டுக்கல்லில் கடல் கிடையாது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்கும் ஊர் இது. இந்த ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுற்றுலா அலுவலகத்தின் மாடியில் உட்கார்ந்து, அந்தமான் தீவுகளில் யார் எந்த இடத்தில் முங்கலாம், யார் மேலே மிதந்தபடி குனிந்து பார்த்தால் போதும் என்று முடிவு செய்வது அவர் வேலை. பதினோரு ஆண்டுகள் செய்தார். கடைசிக்கு முந்திய ஆண்டுவரை அவர் பார்த்த பெரிய கடல் இராமேசுவரத்தில் இருந்தது. அதிலும் கணுக்கால்வரைதான் இறங்கியிருந்தார்.

முதலில் அவர் எங்கள் அலுவலகத்தில் கோயில் வேன்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அந்தமான் பயணங்களைத் தொடங்கியபோது, விவரம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், விவரம் தெரியாதவர்களில் மூத்தவரான இவரை அந்த மேசைக்கு மாற்றினார். முதல் குழுவில் ஆத்தூரைச் சேர்ந்த ஒரு புதுமாப்பிள்ளை இருந்தார். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்துப் பழகியவர். முதுகில் காற்றுக் குடுவையுடன் இறங்குபவர் ஒரு கணமும் மூச்சை அடக்கக் கூடாது; அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். கரையில் இதை அவருக்கு இந்தியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார். கீழே பயம் வந்ததும், கிணறு கற்றுக்கொடுத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டார். தேனிலவு முழுவதும் அங்கே மருத்துவமனையில் கழிந்தது. மணப்பெண் கல்யாண வளையல்களோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை ஊர் திரும்பியதும் அண்ணன் பஸ் ஏறி ஆத்தூருக்குப் போனார். நானும் உடன் போனேன். அந்த இளைஞர் கோபப்படவில்லை. அவருக்கு வந்தது சந்தேகம்தான். “ஏண்ணே, மூச்சப் பிடிச்சாத்தான முங்க முடியும்? சின்னப்பிள்ளைல இருந்து முங்குறேன். இதுல என் தப்பு என்ன?” என்று கேட்டார்.

“உங்க தப்பு ஒண்ணுமில்ல தம்பி. நான் கேக்கல பாருங்க, அதான் தப்பு” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து மேசைக்கு வரும் எல்லாரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நீச்சல் தெரியுமா?” என்பதுதான். தெரியாது என்று வெட்கத்தோடு சொல்பவரைப் பார்த்தால் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். “கிணத்துல நீந்துவேன்” என்று மார்தட்டுபவரைத்தான் அரைமணி நேரம் உட்காரவைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிப் பார்ப்பார். மேசைக்கு எதிரே கனத்த ஆள் ஒருவர் மீன்போல வாய் திறந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பல் மருத்துவர் மாடி இதுதான் என்று ஏறிவந்தவர்களும் உண்டு.

பிறகு திதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் நீரோட்டம் இழுக்கும். இடையில் வரும் அஷ்டமி, நவமியில் சற்று அடங்கும். இதைப் படகுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாள்முதல், அவர் எல்லாரையும் அஷ்டமி, நவமியில் கடலில் இறக்கினார். நம் மக்கள் எந்த நல்ல காரியமும் தொடங்காத இரண்டு நாட்களைத் தேடிப்பிடித்து, அதில் புதுமணத் தம்பதிகளைக் கடலுக்கு அனுப்பும் தொழில் எளிதில் நடக்காது. சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தகப்பனார் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏங்க, அஷ்டமியில எங்க வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி வாங்க மாட்டோம். பிள்ளைகளக் கடல்ல எறக்கச் சொல்றீகளே, மனசு எப்பிடி வருது உங்களுக்கு?”

“ஐயா, கடல்ல எறங்குறது என்ன நல்ல காரியமா? மேல ஏறி வாரதுதான் நல்ல காரியம். எறங்குறத அஷ்டமியில வச்சாத்தான் ஏறுறது நல்லபடியா நடக்கும்.”

தகப்பனார் சற்று யோசித்து, “ஏறும்போது ராகுகாலம் இல்லாமப் பாத்துக்குங்க” என்று சமாதானமானார். அண்ணன் பார்த்துக்கொடுத்தார்.

கடலடி இடங்களின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாடிக்கையாளர்களின் நாவில் நிற்கவில்லை. அவரே பெயர் வைத்தார். அலையடிக்காத ஆழமில்லாத இடம் ‘ஆத்தூர் டேம்’. கூட்டம் மோதும் இடம் ‘பஸ் ஸ்டாண்ட்’. தரை திடீரென்று கீழே போய்விடும் இடம் ‘மொட்டைக்கிணறு’. திரும்பி வந்த ஒவ்வொருவரையும் அழைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். “சூப்பர்” என்று சொன்னால் விடமாட்டார். “சூப்பர்னா எம்புட்டு சூப்பர்? மீனு நின்னுச்சா, போயிருச்சா? பவளம் என்ன நெறம்?” என்று பிடிப்பார். ஒரு குடும்பம் மட்டும் வேறு எவரும் பார்க்காத அளவு மீன் பார்த்ததாகச் சொன்னது. விசாரித்ததில், இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்ற அண்ணனின் அறிவுரையை மீறிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படகேறியதும், அந்தப் பிரியாணி முழுவதும் கடலுக்கே போய்ச் சேர்ந்ததும் தெரியவந்தது.

இரண்டு கோடைக்கு முன் கடல் சூடேறியது. பவளங்கள் வெளுக்கத் தொடங்கின என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். பவளம் வெளுத்தால் சில காலம் உயிரோடு கிடக்கும். சூடு தணியாவிட்டால் செத்துப்போகும். தணியவில்லை. அண்ணன் வாரம் ஒருமுறை அவர்களை அழைத்துப் பேசுவார். பேசி முடித்ததும் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் ஒரு பெயரை அடிப்பார். வருபவர்களிடமும் சொல்லிவிடுவார். “அங்க இப்ப ஒண்ணும் இல்லீங்க. மலைப்பக்கம் எங்கயாவது போயிட்டு வாங்க” என்பார். கடல் பயணம் விற்கும் மேசையிலிருந்து மலைக்கு ஆள் அனுப்பும் ஒரே ஊழியர் அவராகத்தான் இருந்திருப்பார்.

முதலாளி மாடி ஏறி வந்தார். “செத்தா என்ன? மீனு இருக்கா இல்லையா? நம்ம ஆளுகளுக்கு உசுருள்ள பவளத்துக்கும் செத்த பவளத்துக்கும் வித்தியாசம் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே மொதலாளி.”

“நீரு என்னைக்குப் பாத்தீரு?”

முதலாளி என் பக்கம் திரும்பி, “ரெண்டு பேரும் போங்க. உசுரோட ஒரு எடம், ஒண்ணே ஒண்ணு, கண்ணால பாத்துட்டு வாங்க. இல்லாட்டிப் பழைய பட்டியல அப்பிடியே ஓட்டுவேன். இவரு வேன் சீட்டுக்கே போயிரலாம்” என்றார். நான் விளம்பரத் தாளுக்கு வாசகம் எழுத வேண்டியவன் என்பதால் எனக்கும் டிக்கெட் போட்டார்கள்.

அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அடிபடாமல் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு: ஆத்தூர் டேமும் மொட்டைக்கிணறும். கடலில் இறங்கும் முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அண்ணனுக்குப் பல ஆண்டுகளாக இழுப்பு. சட்டைப்பையில் மருந்து இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

“இல்லைன்னு போடுங்கண்ணே. இங்க யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“இந்தக் கேள்விக்கு ஆமான்னு சொன்ன எத்தனையோ பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன் தம்பி. ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே படி எறங்குச்சு. அது மூஞ்சி இன்னும் நெனவிருக்கு.”

ஆமாம் என்று குறித்தார். குடுவை தர மறுத்துவிட்டார்கள். மேலே மிதந்து பார்க்கலாம் என்றார்கள்.

ஆத்தூர் டேமில் மிதவைச் சட்டையும் முகக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தார். நானும் பக்கத்தில் மிதந்தேன். ஆழமில்லாத இடத்துக்குத்தான் சூடு முதலில் எட்டும். சாம்பல் நிறத்தில் பாசி படர்ந்த கிளைகள் ஒடிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் ஒரு சிறிய மீன், வீட்டைத் தேடுவதுபோல அங்குமிங்கும் போய்வந்தது. கால்மணி நேரம் அசையாமல் பார்த்தார். எழுந்து கண்ணாடியைக் கழற்றியதும், “எரிச்ச மறுநாள் சுடுகாட்டுக்குப் போன மாதிரி இருக்கு தம்பி” என்றார். பதினோரு ஆண்டு ஊர்மக்களை எங்கே அனுப்பினாரோ அந்த இடத்தை அவர் பார்த்தது அந்தக் கால்மணி நேரம்தான்.

மறுநாள் மொட்டைக்கிணறு. உயிருள்ளது ஏதாவது மிஞ்சியிருந்தால் ஆழத்தில்தான் இருக்க வேண்டும். அவர் இறங்க முடியாது. இரவெல்லாம் மூச்சு இழுத்ததால் படகிலும் ஏற முடியவில்லை. கரையில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூச்சு விட்டுக்கிட்டே இரு. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா” என்றார்.

நானும் கிணற்றில் நீந்தியவன்தான். கயிற்றைப் பிடித்து இறங்கும்போது கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. மூச்சைப் பிடித்தேன். உடன் வந்த பயிற்சியாளர் என் மார்பில் தட்டி மூச்சு விடச் சொல்லி, பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார். நான்கு மீட்டர் இறங்கியிருப்பேன். மறுபடி இறங்க மாட்டேன் என்று படகில் உட்கார்ந்துவிட்டேன். போகாத இடத்தைப் போய்ப் பார்த்ததுபோல எழுதுவது எனக்குப் புதிதல்ல.

கரையில் அண்ணன் முழங்கால்வரை நீரில் வந்து நின்றார். “இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குண்ணே” என்றேன்.

அந்த முகத்தைப் பார்த்தபின் வேறெதுவும் சொல்ல எனக்கு வரவில்லை. ஊதா நிறத்தில், விசிறிபோல, என் உயரத்துக்கு என்றேன். விளம்பரத் தாள்களுக்கு எழுதியதெல்லாம் கோவையாக வாயிலிருந்து வந்தது. அவர் என்னை நிறுத்தவே இல்லை.

ஊருக்கு வந்தபின் அவர் நடந்துகொண்டது எனக்கு விளங்கவில்லை. ஒரு இடம் தேறியது என்று முதலாளியிடம் சொன்னவன் நான். அவரோ அங்கே ஒருவரையும் அனுப்பவில்லை. நீரோட்டம் சரியில்லை என்றார், படகு பழுது என்றார், அனுமதி வரவில்லை என்றார். இரண்டு மாதம் பொறுத்த முதலாளி அவரைக் கோயில் வேன் மேசைக்கு இறக்கிவிட்டு, மாடி மேசையை எனக்குக் கொடுத்தார். பட்டியலும் என்னிடம் வந்தது. நோயினால் அண்ணனுக்கு வேலையில் பிடிப்பு போய்விட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். நான் சற்று அதிகமாகவே பேசினேன். மொட்டைக்கிணறு விளம்பரத் தாளில் ஏறியது. அங்கே போய் வந்தவர்கள் சூப்பர் என்றார்கள். எம்புட்டு என்று நான் கேட்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அவர் படுத்துவிட்டார். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பார்: “அந்த மொட்டைக்கிணத்துல என்ன பாத்த, சொல்லு தம்பி.” நான் சொல்வேன். ஒரு வாரம் ஆமை வரும். மறுவாரம் நீல மீன் கூட்டம் வரும். கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் சற்று நேரம் என்னையே பார்ப்பார். “அம்புட்டுத்தானா?” என்பார். நான் இன்னும் கொஞ்சம் மீன் சேர்ப்பேன்.

தகனம் முடிந்த மறுநாள், பத்மாவதி அக்காவிடம், “கடைசிவரைக்கும் அந்தப் பவளத்தக் கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா. என்னால முடிஞ்சது அந்த ஒண்ணுதான்” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க பாதியில ஏறிட்டத அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் படகுக்காரங்க அவருக்குச் சொல்லிட்டாங்க தம்பி.”

அக்காவே தொடர்ந்தார்.

“மொதலாளிகிட்டச் சொல்லுங்கன்னு நாந்தான் சண்ட போட்டேன். ‘அவன் பிழைப்பு போயிரும் பத்மா. அவனே ஒருநாள் வாயத் தொறந்து சொல்லிருவான், அப்புறம் நான் பேசிக்கிறேன்’னாரு. அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. போன ஞாயிறு நீங்க போனப்புறம், ‘இன்னைக்குச் சுறாவே வந்துருச்சு’ன்னு சிரிச்சாரு. சிரிக்கப்போயி இழுப்பு வந்துருச்சு.”

சொல்லிவிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன்.

அண்ணே, ஞாயிறுதோறும் வெறும் ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தீர்கள். வாக்கியம் எழுதிப் பிழைப்பவனுக்கு அது வரவில்லை. இப்போது கேட்க நீங்கள் இல்லை என்பதால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: நான் எதையும் பார்க்கவில்லை. நான்கு மீட்டரில் என் கையும் கயிறும்தான் தெரிந்தன. அதற்குக் கீழே இருட்டு. அங்கே ஏதாவது உயிரோடு இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. போய்வாருங்கள்.