பேச்சியம்மாள் டீச்சரின் மூன்று சிலிண்டர் கார்

வீட்டில் இருக்கும்போது காட்டுகிற கோளாறை எங்கள் சர்வீஸ் சென்டர் வாசலைக் கண்டதும் வண்டி மறைத்துவிடும். அந்தக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற ஆளுக்குத்தான் சர்வீஸ் அட்வைசர் என்று பெயர். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் முன்னால் ஒரு இருமல்கூட வராமல் திருதிருவென்று விழித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். புதுக் கார் வாங்கி எங்களிடம் வந்து நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம். எனக்குப் பழகிவிட்டது.

மூன்று கால் கட்டில்

முதலில் நான் கேரளத்துச் சித்தூர் கிளையில் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியின் சின்ன பெட்ரோல் எஞ்சின் புதிதாக வந்தது. மூன்று சிலிண்டர். மைலேஜ் கொடுக்கும், சத்தம் குறைவு. ஒரே குறை, வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி லேசாக உதறும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், பழைய காரை மாற்றி இதை வாங்கியவர், வாங்கிய ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "மூணு சிலிண்டருன்னா அப்பிடித்தானுங்க, போகப் போகப் பழகீருமுங்க" என்று நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்படவில்லை. துணி எடுத்த கடையில் கேட்பதுபோலத் தணிந்த குரலில்தான் கேட்டார்: "ஏனுங்க, நாலு காலு கட்டில்ல படுத்துப் பழகுனவன்கிட்ட மூணு காலு கட்டிலக் குடுத்துப்போட்டு, போகப் போகப் பழகீரும்னா எப்பிடிங்க?"

தானே அணையும் வண்டி

பிறகு என்னை மலைக்கு மாற்றினார்கள். உடும்பஞ்சோலைப் பக்கத்துக் கிளை. சமவெளியில் உதறியதோடு நின்ற எஞ்சின் மலையில் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே போன மூன்றாவது மாதம் பேச்சியம்மாள் டீச்சர் வந்தார். தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் வேலை. வயது ஐம்பது. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கார் அவர் பெயரிலேயே இருந்தது.

"ஏத்தத்துல நிறுத்துனா வண்டி அணஞ்சு போகுது சார்" என்றார். இன்னும் என்னவோ சொல்ல வந்தார். எனக்குத்தான் சிரிப்பு முந்திக்கொண்டது. வண்டி நின்றால் பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சின் தானே அணையும், கிளட்சை மிதித்தால் தானே கிளம்பும், இது கோளாறு இல்லை, வசதி என்று விளக்கினேன். வேண்டாமென்றால் அமுக்கி வைக்க ஒரு பட்டன் உண்டு என்று அதையும் காட்டினேன். டீச்சர் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் காலை போன் வந்தது. "சார், அந்தப் பட்டன நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அமுக்கித்தான் வச்சிருக்கேன். இது தானா அணையுது, ஆனா தானாக் கிளம்ப மாட்டேங்குது."

அரைக் கிளட்ச்

வண்டியை வரவழைத்தோம். கம்ப்யூட்டரை மாட்டினால் எந்தக் கோளாறும் காட்டவில்லை. எங்கள் சீனியர் மெக்கானிக் பிஜு மேட்டில் இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டு, "ஒரு குழப்பமும் இல்ல சாரே" என்று சாவியை நீட்டினான். அவன் மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. அப்படியானால் கோளாறு யாரிடம்? எங்கள் வழக்கப்படி, ஓட்டுகிறவரிடம்.

மலைக்காரர்கள் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைத் தொட மாட்டார்கள். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவார்கள். பிரேக்கை மிதித்து நிற்பவனை இங்கே ஓட்டத் தெரியாதவன் என்பார்கள். சமவெளியிலிருந்து வந்த நான் இந்த வித்தையைக் கற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எனக்கு மிதப்பு ஜாஸ்தி. மூன்று நாள் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்க விடுங்க டீச்சர், அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. ஜாப் கார்டில் 'வண்டியில் குறை இல்லை, ஓட்டும் முறை சரியில்லை' என்று எழுதினேன். டீச்சர் கையெழுத்துப் போட்டார். அவர் கணவர் முருகேசன், முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர், எனக்கு ஆதரவாகச் சொன்னார்: "எங்கிட்ட இந்த வண்டி பசு மாதிரிப் போகுது சார். இவ ஏறுனாத்தான் சண்டித்தனம் பண்ணுது."

மூணே முக்கால் ஜீப்

அதற்குப் பிறகு ஒருநாள் டீக்கடை முன்னால், ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிப்போகிற ட்ரிப் ஜீப் வந்து நின்றது. பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் டீச்சர், மடியில் பையோடு. கார் என்ன ஆச்சு என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஓட்டுகிறார் என்று சிரித்தார்.

அந்தக் காரை அவர் எதற்காக வாங்கினார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ட்ரிப் ஜீப் மூணே முக்காலுக்குக் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடித்து அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிட வர நாலரை, ஐந்து ஆகும். அதுவரை மூன்று நான்கு குழந்தைகள் பள்ளி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் நான்கு மணிக்கே மேகம் இறங்கி எதிரே இருக்கிற மரம் தெரியாது. சொந்த வண்டி இருந்தால் கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் கூட இருக்கலாம். அவ்வளவுதான் டீச்சருடைய ஆசை. கார் வந்த புதிதில் ஒரு மாதம் அப்படி இருந்திருக்கிறார். ஏற்றத்தில் வண்டி அணைந்து அணைந்து, பின்னால் ஹாரன் அடித்து அடித்து, நானும் என் பங்குக்கு எழுதிக் கொடுத்த பிறகு, மறுபடி ஜீப். டீச்சர் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கால் நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது சார். அம்பது வயசுக்கு மேல புதுசா ஒண்ணப் பழக ஆசப்படக்கூடாதுபோல."

பல் பிடுங்கிய நாள்

மழைக்கு முன்னால் காரை விற்றுவிடலாம் என்று முருகேசன் முடிவு செய்தார். எங்கள் ஷோரூமிலேயே கொடுப்பதாகப் பேச்சு. டீச்சர் பெயரில் இருந்ததால் அவரும் கையெழுத்துப் போட வந்தார். பேனாவைக் கையில் வாங்கியவர் கீழே வைத்துவிட்டு, "கடைசியா ஒரே ஒரு தடவ நான் ஓட்டிக்கிறேன் சார்" என்றார். நான் கூடப் போனேன். அன்று காலைதான் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. ஒரு வார்த்தை பேச முடியாது.

மேட்டில் ஒரு ஜீப் நடுரோட்டில் நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பின்னால் நிறுத்தினார். அரைக் கிளட்ச் என்று கத்த நான் வாயைத் திறந்தேன், வலியில் மூடிக்கொண்டேன். அவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி கிளட்சை முழுக்க மிதித்து, பிரேக்கையும் அழுத்தி மிதித்து நின்றார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் நகரக் கூடாது, பள்ளிக்கூட ரோட்டில் பின்னால் பிள்ளைகள் வரும் என்பது அவருடைய பயம். கொஞ்ச நேரம் ஆனது. அவர் காலடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பாம்பு சீறுவதுபோல. எஞ்சின் இரண்டு தரம் உதறியது, அணைந்தது. "மன்னிச்சுக்கங்க சார், என் காலுதான்" என்றார் டீச்சர்.

கால் இல்லை. ஹாண்ட் பிரேக்கைப் போட்டு இருவரும் இடம் மாறினோம். நான் ஸ்டார்ட் செய்து பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அதே சீறல், அதே உதறல், அணைந்தது. பெடல் கல்லாகிவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடி அணைந்தது. பிரேக்கை இலேசாக்க, எஞ்சின் உள்காற்றை உறிஞ்சி எடுக்கிற ஒரு டப்பா பெடலுக்குப் பின்னால் உண்டு. அதற்குள் இருக்கிற ரப்பர் கிழிந்திருக்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் அந்த வழியாக வெளிக்காற்று எஞ்சினுக்குள் போகும், மூன்று சிலிண்டர் அதைத் தாங்காது. மேட்டில் பிரேக்கையே தொடாத முருகேசனுக்கும் பிஜுவுக்கும் எனக்கும் அது எங்கே தெரியப்போகிறது? முழுசாகக் கிழிந்திருந்தால் இறக்கத்தில் டீச்சர் எவ்வளவு மிதித்தும் வண்டி லேசில் நின்றிருக்காது. ஒழுங்காக ஓட்டிய ஒரே ஆளைத்தான் நான் ஓட்டத் தெரியாதவர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "சார், அழுறீங்களா, இல்ல பல்லு வலிக்குதா?"

பிஜு சொன்னது

விற்பனைப் பேச்சு அன்றோடு நின்றது. வாரண்டியில் புது டப்பா வர ஒன்பது நாள் ஆனது. கழற்றிய பழையதை மேஜைமேல் வைத்துக்கொண்டு பிஜுவும் நானும் நின்றோம். ரப்பரில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

டீச்சர் முதல்நாள் சொல்ல வந்து நான் சிரித்து அமுக்கிய மிச்சம் என்ன என்று அவரிடமே கேட்டிருந்தேன். 'அணையுறப்ப பிரேக்கு கல்லு மாதிரி ஆயிருது சார்' என்பதுதானாம். அதை அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் அரைமணி நேர வேலை. பிஜுவிடம் சொன்னேன். அவனும் தன் பங்குக்குத் தலையைச் சொறிந்தான். "சாரே, வண்டியோட அசுகத்த டீச்சர் முதல் நாளே பறயத்தான் வந்தாங்க. நாம அவங்களுக்குப் பாடம் எடுத்துட்டோம்."

பள்ளிக்கூட ஏற்றம்

வண்டியை நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். முருகேசனும் வந்திருந்தார். டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க பின்னாடி உக்காருங்க சார்" என்றார். நான் மறுபேச்சில்லாமல் பின்னால் உட்கார்ந்தேன். நான் பின்சீட்டில் உட்கார்ந்து செய்த முதல் டெஸ்ட் டிரைவ் அது. மணி ஐந்து. கடைசிப் பிள்ளையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

ரோட்டில் ஏறுகிற இடம் செங்குத்து. தோட்ட வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகக் கடந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் நின்றார். பிரேக்கை அழுத்தி மிதித்தார். பக்கத்து சீட்டில் இருந்த முருகேசன், மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வழக்கமான உதறலோடு ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டம் கடந்து ரோடு காலியானது. டீச்சர் எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது, அப்புறம் விடாமல் அடித்தது. "பேச்சி, எடு. ரோடு காலியாத்தான இருக்கு" என்றார் முருகேசன். டீச்சர் திரும்பவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. "அடிக்கட்டுங்க. எத்தன நாளா அவங்க ஹாரன மட்டுமே கேட்டேன், இன்னைக்கு என் வண்டி ஓடுறதக் கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் எத்தனையோ பேருக்கு ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருடைய வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருந்தது என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம்.