முதல் தேங்காய்க்குப் பூச்சியமா?

இன்று சிலாபத்தில் பஸ் ஏறினால், பக்கத்துச் சீட்டில் என் பழைய மாணவி சிபானா. மடியில் லெப்டொப், கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"சேர், இதக் கொஞ்சம் கேளுங்க."

தேங்காய் எண்ண ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு காய் விழும்போதும் அது வாய்விட்டு எண்ணும். பின்னேரம் மதுரங்குளியில் அவள் வாப்பாவின் தேங்காய் உரிக்கும் வாடியில் காட்ட வேண்டும். சரியாக எண்ணினால்தான் கொழும்பு வேலைக்கு விடுவாராம்.

காய்க்குப் பதிலாக ஒரு விசையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "பூச்சியம், ஒன்று, இரண்டு..." என்று தொடங்கி, நூறாவது காய்க்குத் தொண்ணூற்றொன்பது என்று நின்றது.

"ஒரு காய் எங்க புள்ள?"

"கம்பியூட்டர் பூச்சியத்திலதான் தொடங்கும் சேர்."

"வாப்பா அப்படித் தொடங்கமாட்டாரே. முதல் காயப் போட்டுப் பூச்சியம் எண்டா, மனுசன் லெப்டொப்பையும் சேத்து உரிச்சிடுவாரு."

"ஐயோ, ஓம் சேர்!"

குலுங்கும் பஸ்ஸிலேயே தொடக்கத்தை ஒன்றாகவும் முடிவை நூறாகவும் மாற்றினாள். சரியாக எண்ணியது. சலாம் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. வாடியில் யார் ஒன்று என்று எண்ணுகிறார்கள்? முதல் காய்க்கு "லாபம்" என்றல்லவா சொல்வார்கள்! பிறகுதானே இரண்டு, மூன்று. பதற்றத்தில் இருவருமே மறந்துவிட்டோம்.

அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை.

மதுரங்குளிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? வாப்பா வருமுன் ஓடிப்போய் அவளிடம் சொல்லுங்கள்: கணக்குச் சரி, லாபம்தான் இல்லை.