நோன்பு நாக்கு

மாவு கையில் நிற்காது. நிற்கவிட்டால் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்குப் போய்விடும். அதனால் அந்த வலது கை ஒரு கணமும் ஓய்வதில்லை. உள்ளங்கையில் கிடக்கும் பிசுபிசுத்த உருண்டையைக் குலுக்கிக்கொண்டே, கரியடுப்பின் மேல் கவிழ்த்திருக்கும் செம்புத் தட்டில் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. தொட்ட இடத்திலெல்லாம் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய வட்டம் ஒட்டிக்கொள்கிறது. வட்டத்தின் மேல் வட்டம் ஏறித் தட்டு முழுதும் மூடியதும், இடது கை ஓரத்தை நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பில் உரித்தெடுக்கிறது. இலை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவளின் மூக்குத் தெரியும்.

உரிக்கும்போது ஓரத்தில் மொறுமொறுப்பாக ஒரு துணுக்கு ஒடியும். முன்பெல்லாம் அது நேராக வாய்க்குப் போகும். இப்போது பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் விழுகிறது. கிண்ணம் நிறைய நிறைய, கைக்குச் சொந்தக்காரி அதைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாள்.

அவள் பெயர் பத்தூல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஃபெஸ் நகரின் பழைய மதிலுக்குள் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மோதிரம் வாங்கப் போவதற்கு முன்பே பத்தூலைத் தேடி ஆள் போய்விடும். அவள் வருவது பஸ்தீலாவுக்காக. புறாக்கறி, வெங்காயமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சுண்டக் கிளறிய முட்டை, பொரித்து இடித்த பாதாமும் சர்க்கரையும் என்று அடுக்கடுக்காக வைத்து, இந்த இலைகளில் பொதிந்து, வண்டிச் சக்கரம் போலச் சுட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவிப் பட்டைத் தூளால் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்துக் கொடுப்பாள். கறியும் சர்க்கரையும் ஒரே வாயிலா என்று முகம் சுளிக்கிறவர்கள், அவள் கைப்பண்டத்தைத் தின்னாதவர்கள்.

அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெங்காயம் வதங்கும் நேரத்தில் பாதாமை எட்டிப் பார்ப்பாள், பாதாமிலிருந்து மாவுக்குத் தாவுவாள், மாவைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய் வெயில் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்து வருவாள். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் அந்த வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்த்த பிறகுதான் மாவில் கை வைப்பாள். உப்பு மட்டும் சொந்த டப்பாவில் கொண்டுபோவாள். அடுத்தவர் வீட்டு உப்பு சொன்ன பேச்சைக் கேட்காது என்பது அவள் கட்சி.

நடமாட்டம் இவ்வளவு இருந்தும் உடம்பு மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் தெருவில் சந்து மிகக் குறுகல். சுமையேற்றிய கழுதையும் பத்தூலும் எதிரெதிரே வந்தால் இரண்டில் ஒன்றுதான் போகலாம். கழுதைகளுக்கு அது பழகிவிட்டது. அவளைக் கண்டதும் தாமாகவே பின்வாங்கும். கழுதைக்காரர்கள் சலாம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள்.

போன வருஷம் இடது முட்டி மடங்க மறுத்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆபரேஷன் செய்தால்தான் நிற்க முடியும், எடை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார். சில மாதம் சமையலை விட்டுப் பார்க்கலாமே என்றும் கேட்டார். பத்தூலுக்கு அதுதான் புரியவில்லை. "சும்மா உக்காந்தா நான் தின்னுக்கிட்டேல்ல இருப்பேன், டாக்டரம்மா. அடுப்பு முன்னால நின்னாதான் என் கைக்கு வேற வேலை இருக்கும்."

ஆனால் அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் அவள் தின்றாள். அது அவளுக்கே தெரியாது. சாப்பாட்டு வேளையில் அவள் தட்டு எப்போதும் பாதிதான். ஆனால் ருசி பார்க்க அவள் கரண்டியைத் தொட்டதே இல்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். உப்புக்கு ஒரு துண்டு, இஞ்சிக்கு ஒரு துண்டு, வற்றியதா என்று பார்க்க ஒரு துண்டு. விருந்து முடிவதற்குள் இரண்டு முழு ரொட்டி ருசி பார்த்தே தீர்ந்திருக்கும்.

கண்டுபிடித்துச் சொன்னவர் அவள் கணவர் தய்பி. அவர் தோல் செருப்பு தைக்கிறவர். பத்தூலின் செருப்புக் குதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அவர்போல் யாரும் அறியமாட்டார்கள். "நோன்பு மாசத்துல ஊரே பெருக்குது, நீ மட்டும் இளைக்கிற. கவனிச்சிருக்கியா?" என்றார்.

பத்தூல் யோசித்தாள். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் சமைக்கிறோம். ருசி பார்க்க நுனிநாக்கில் தொட்டுத் துப்பிவிடுகிறோம். சமைக்கிறவளுக்கு அதற்கு அனுமதி உண்டு, நோன்பு முறியாது. மாதம் முழுதும் அப்படிச் சமைத்தும் சூப்பில் உப்பில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. "அப்ப நாக்கு போதும். தொண்டை எதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து எல்லா மாதத்துக்கும் நோன்பு நாக்குதான்.

ரொட்டிக் கூடை சமையலறைக்கு வெளியே போயிற்று. இடுப்பில் ஒரு துணி வந்தது. விரல் நுனியில் எடுப்பாள், நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள், திரும்பித் துணியில் துப்புவாள். சமையல் குறையவில்லை, கூடிவிட்டது. விழுங்காத வாய்க்குப் பதில் சொல்லக் கை இன்னும் வேகமாக ஓடியது. விருந்தில்லாத நாளிலும் ஏதாவது செய்து மொட்டைமாடி வழியாக அக்கம்பக்கத்துக்கு அனுப்பினாள். தய்பிக்குத் தொப்பை போட்டது. "உன் உடம்புலேர்ந்து எறங்கினது எங்கயும் போயிடல, எல்லாம் எங்கிட்டதான் பத்திரமா இருக்கு" என்று அதைத் தட்டிக் காட்டினார். ஒருநாள் சந்தில் எதிரே வந்த கழுதை பின்வாங்காமல் அவளை உரசிக்கொண்டு போனது. பத்தூல் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

முட்டி விஷயத்தை மட்டும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்க நிற்க முடியாத சமையல்காரியை எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? அவளோடு வேலைக்கு வரும் நாத்தனார் யாமினாவுக்கு மட்டும் தெரியும்.

இன்று, ஹஜ் போய்வந்த பெரியம்மா ஹாஜா கன்ஸாவின் வீட்டில் பெண்கள் விருந்து. ஹாஜாவின் மகளுக்குக் கல்யாணம். நாளைக் காலையில் டாக்டரம்மா எடை பார்க்கிறார். முள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவார். அதனால்தானோ என்னவோ பத்தூலின் கால் விடிந்ததிலிருந்து தரையில் பாவவில்லை. இலை போட்டு முடித்தாள், அடுக்கினாள், மடித்தாள். மிஞ்சியதை வைத்துச் சின்னதாக ஒரு பஸ்தீலா செய்து, அடுப்பின் சூட்டைப் பார்க்க அதை முதலில் சுட்டெடுத்தாள். பெரியவை மூன்றும் மேசைமேல் காத்திருந்தன.

அதற்குச் சற்று முன், அடுக்கு வைக்கும்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை ராதியா வெந்நீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். பத்தூல் முட்டையை நாக்கில் வைத்ததையும் திரும்பித் துப்பியதையும் பார்த்தாள். வெந்நீர் வாங்காமலேயே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் யாமினா முற்றத்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கக்கூட இல்லை. "அண்ணி, வெளிய ஒரு பேச்சு ஓடுது. தான் ஆக்கினதத் தானே துப்புறா, உள்ள என்ன மருந்து வெச்சாளோன்னு."

இடுமருந்துப் பேச்சு இந்த ஊரில் விளையாட்டல்ல. கல்யாணச் சோற்றில் யாரோ எதையோ கலந்து மணப்பெண்ணின் வயிறு திறக்கவில்லை, மாப்பிள்ளை முகம் திரும்பிவிட்டது என்று தெருவுக்கு ஒரு கதை உண்டு. சமையல்காரி தன் பானையிலிருந்து முதல் வாய் தின்றால்தான் மற்றவர்களுக்குத் தொண்டையில் இறங்கும். பத்தூல் இத்தனை வருஷமும் ரொட்டியும் கையுமாக நின்றவள். அவள் தின்கிறாளா என்று பார்க்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை.

ஹாஜா கன்ஸா உள்ளே வந்தார். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சின்ன பஸ்தீலாவைத் தன் பக்கம் நகர்த்தினார். "வா பத்தூல், உக்காரு. பசியோட நிப்ப. ரெண்டு பேரும் மொத வாய் தின்போம்." வாசல் நிலையில் சாய்ந்து ராதியா நின்றாள்.

பத்தூல் அந்தத் தட்டைப் பார்த்தாள். ஒரு வாய்க்கு எடை ஏறாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் முதல் வாய் என்றைக்கும் தனியாக வந்ததில்லை, பின்னாலேயே உறவுமுறையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். தின்னாவிட்டால் மாலைக்குள் மதிலுக்குள் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. முட்டியைச் சொன்னாலும் அதே கதிதான். இடுப்புத் துணியில் விரலை இரண்டு முறை துடைத்தாள். பிறகு பிஸ்மில்லா சொல்லி, கட்டைவிரல் அளவுக்குப் பிய்த்து வாயில் போட்டாள். ஹாஜாவும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டார்.

முதலில் இலை நொறுங்கியது. பட்டை வாசனை மூக்கில் ஏறியது. புறாக்கறி வந்தது, முட்டை வந்தது, சர்க்கரை வந்தது. எத்தனை மாதம் ஆயிற்று இவையெல்லாம் ஒன்றாக வந்து. கண் தானாக மூடிக்கொண்டது. மெல்ல மென்று விழுங்கினாள். விழுங்கிய பிறகும் ஒன்று உள்ளே போகாமல் அடித்தொண்டையில் நின்றது.

"முகத்தப் பாருங்க ஹாஜா" என்றாள் ராதியா.

"கசக்குது" என்றாள் பத்தூல்.

ஹாஜாவின் வாயிலிருந்தது அப்படியே நின்றது.

"பாதாம். ஒரு சூடு கூடிப்போச்சு."

"எனக்கு இனிப்பாத்தானே இருக்கு?" என்றார் ஹாஜா, அசையாத வாயோடு.

"முழுங்குங்க. முழுங்கினப்புறம் தெரியும்."

ஹாஜா ராதியாவைப் பார்த்தார், பத்தூலைப் பார்த்தார், விழுங்கினார். கொஞ்சம் பொறுத்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

பத்தூல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சர்க்கரைக்குள் ஒளிந்த கசப்பு நுனிநாக்கை ஏமாற்றியிருக்கிறது. நேற்றுப் பொரித்த பாதாம் அத்தனையும் அப்படித்தான் இருக்கும், மூன்று பெரியவற்றிலும். தொண்டை எதுக்கு என்று கேட்டவள் அவள்தானே.

"மருந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, ஹாஜா" என்றாள். "முட்டி போச்சு. ஒடம்பு எறங்கினாதான் கத்தி வெப்பாங்களாம். அதான் முழுங்குறத விட்டேன். தப்பு அதுலதான் வந்திருக்கு. நேரம் கொடுங்க, மாத்திடுறேன். இனிமே என்னைக் கூப்பிடுறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்."

ஹாஜா கன்ஸா தன் நீண்ட கஃப்தான் அங்கியை முட்டிவரை தூக்கிக் காட்டினார். முட்டியில் இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தது. "நேத்து மாடிப்படியில உக்காந்து உக்காந்துதான் எறங்கினேன். இந்த ஊர்ல முட்டி நல்லா இருக்கிற பொம்பள யாருன்னு நீயே சொல்லு. மொதல்ல பாதாமப் பாரு."

விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். பெரியவை இன்னும் அடுப்புக்குள் போகாதது நல்லதாயிற்று. பாதாம்தான் மேலடுக்கு. மடித்த இலைகளைப் பிரித்துப் பழையதை வழித்துப் போட்டால் அடியிலிருப்பதற்குச் சேதமில்லை. பத்தூல் மறுபடி செம்புத் தட்டை ஏற்றி இலை போட்டாள். யாமினா வழித்தாள். பச்சைப் பாதாமை வெந்நீரில் போட்டதும், பத்தூல் வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நிலைக்கு முட்டுக் கொடுத்தது போதும் ராதியா. வந்து தோல் உரி. உங்கண்ணு முன்னாலயே நடக்கட்டும்."

ராதியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் விரல்கள் வேகமானவை.

பொரியும் எண்ணெய்க்கு மேல் பத்தூல் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சடசடப்பு மெலியும்போது அள்ளிவிட வேண்டும். அள்ளினாள். ஒன்றை எடுத்துப் பாதியாகக் கடித்து, மென்று, விழுங்கிக் காத்திருந்தாள். தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. மறுபாதி கையில் இருந்தது. அதையும் சின்ன பஸ்தீலாவையும் ஒரே தட்டில் வைத்து, கூடவே காலையிலிருந்து நிறைந்திருந்த துணுக்குக் கிண்ணத்தையும் சேர்த்து யாமினாவிடம் நீட்டினாள். "கொண்டுபோய் வாசல்ல மேளக்காரங்களுக்குக் கொடு. ஓடு. நான் பாக்குறதுக்குள்ள போயிடணும்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மூன்றும் அடுப்பிலிருந்து வந்தன. சர்க்கரை தூவினாள். பட்டைத் தூளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கசியவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தாள். உள்ளே கூடத்தில் பெண்கள் குலவையிட்டார்கள்.

முதல் தட்டைத் தூக்க ராதியாவே வந்தாள். தட்டு கனம். அந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்தாள், இந்தப் பக்கம் பத்தூல் பிடித்தாள். விளிம்பில், சர்க்கரை ஒட்டிய இலைத் துணுக்கு ஒன்று ஒடிந்து கிடந்தது. இரண்டு பேர் கண்ணும் அதில் விழுந்தது. பத்தூல் தன் பக்கத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டு, அந்தத் துணுக்கை விரல் நுனியில் எடுத்தாள்.

"வாயத் தொற" என்றாள்.

ராதியாவின் கைகளுக்கு வேறு வழியில்லை. வாயைத் திறந்தாள். பத்தூல் துணுக்கை அவள் நாக்கில் வைத்துவிட்டு, அது தொண்டையில் இறங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது தெரிந்ததும் தட்டை அவள் கையில் விட்டாள்.