தலையணைக்குள் நாலு டின் அரிசி

கடல் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு தடவைதான். இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தாயின் மடியில் கப்பலேறி வந்தவர் அவர். தான் தாண்டி வந்த கடலை இருபத்தெட்டு வயது வரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை. ரெம்பாவ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து கடற்கரை ஊரான போர்ட்டிக்சன் அப்படியொன்றும் தூரமில்லை. பஸ் பிடித்தால் சிரம்பான், அங்கிருந்து ரயில். ஆனால் அது வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியே ஓர் இரவு தங்கவேண்டுமென்றால் துரையின் கையெழுத்து வேண்டும். எங்கே தங்கப்போகிறோம், யார் வீடு என்பதையெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும் என்று தெரிந்ததும் அவர் எங்கெங்கோ விசாரித்து வந்தார். போர்ட்டிக்சன் கடைத்தெருவில் ஒரு தமிழர் சாப்பாட்டுக்கடை இருக்கிறதாம், மாடியில் அறை வாடகைக்குக் கிடைக்குமாம், சாப்பாடு கீழேயே முடிந்துவிடுமாம். ரப்பர் லாரி ஓட்டுபவர் சொல்லியிருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்தால் அலைச் சத்தம் கேட்குமாம்.

"ஒரு ராத்திரிதானே புள்ள. சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்கலாம்லா," என்றார்.

நான் சிக்கனக்காரி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். தூங்குவதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா என்று அவரைக் கிண்டல் செய்தேன். அந்த அறையின் ஓர் இரவு வாடகை, நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் எழுந்து மரம் சீவிச் சம்பாதிக்கும் ஒரு நாள் கூலி. போர்ட்டிக்சனுக்கு நாலு மைல் முன்னாலேயே என் அக்காவைக் கட்டிக்கொடுத்த எஸ்டேட் இருந்தது. அங்கே தங்கினால் ஒரு சல்லி செலவில்லை. தீபாவளியையும் அங்கேயே கொண்டாடிவிட்டு, காலையில் நடந்துபோய் கடலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அவர் சரி, உன் இஷ்டம் என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். அக்காவுக்குக் கடிதம் போட்டேன். அவள் தன் எஸ்டேட்டில் எங்களுக்கு அனுமதி வாங்கி வைத்தாள்.

மிச்சம் இருந்த ஒரே பிரச்சினை அரிசி. அப்போதெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். விருந்தாளி வந்து இரண்டு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால், அந்த வீட்டுக்காரி வாரக் கடைசியில் மரவள்ளிக்கிழங்கைத்தான் அவிக்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. தங்கப்போகிறவர்கள் தங்கள் வயிற்றுக்கான அரிசியைத் தாங்களே கொண்டுபோய், ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரையில் வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரியும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். வெறுங்கையோடு போனால் அது காலத்துக்கும் ஒரு பேச்சாகிவிடும். லயத்துக்கு லயம் போகும்போது இதில் சிக்கல் இல்லை. வேலியைத் தாண்டும்போதுதான் சிக்கல். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் கேட்டை விட்டு ஒரு மணி அரிசி வெளியே போகக் கூடாது என்று சட்டம். சோறு கட்டிக்கொண்டு போக முடியாததால் நாங்கள் மரம் சீவப் போகும்போதே பட்டினியாகத்தான் போனோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருந்தது. அவசரகாலத்துக்கு முன்னால் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தில் கணக்கு வழக்கு எழுதிக்கொண்டிருந்தார். சங்கத்தைக் கலைத்த பிறகு வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய் வந்தார். ஆனாலும் கிராணி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, நீ இந்தியாவில் பிறந்தவன், ஒரு சின்னத் தப்பு போதும், கப்பலேற்றி விடுவார்கள், பார்த்து நடந்துகொள் என்று சொல்லியிருந்தார். அன்று சாப்பாட்டின்போது இதை என்னிடம் அவரே சொன்னார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. கேட்டில் பெண்களைச் சோதிப்பதற்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். தினம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவள். இடுப்பையும் மடியையும் தட்டிப் பார்ப்பாள், தலைமேல் இருக்கும் மூட்டையைத் தொடமாட்டாள். அக்கா வீட்டில் பாய் தலையணைக்குத் தட்டுப்பாடு என்பதால் நாங்கள் சொந்தமாக ஒரு பாயும் தலையணையும் கொண்டுபோவதாக முன்பே பேச்சு. தலையணையின் ஓரத்தைப் பிரித்து, பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, பால் டின்னால் நாலு டின் அரிசியை அளந்து நடுவில் கொட்டித் தைத்தேன். அமுக்கிப் பார்த்தேன். பஞ்சுதான் கைக்குத் தட்டுப்பட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், பிறகு அறைக்கு வாடகை கொடுக்க வேண்டிவரும். இந்தக் கணக்கைப் போட்டது என் மூளைதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் கேட்டுக்குப் போனோம். பண்டிகை என்பதால் வெளியே போகிற கூட்டம் அதிகம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆண்கள் பக்கம் வழக்கமான காவல்காரர்கள் இல்லை. வெளியிலிருந்து ஒரு லாரியில் வந்திறங்கிய போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் கூரான நீளக் கம்பி இருந்தது. பெண்கள் பக்கம் எங்கள் பழைய ஆளே நிற்பதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அவர் என் பக்கம் வந்து, என் தலையிலிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டார். ரயிலடி வரைக்கும் தூக்கப்போறியா, குடு என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வேண்டாம் என்று பிடித்து இழுத்தேன். சிரித்தார். அதற்கு மேல் இழுத்திருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையை விட்டேன்.

அவர் முறை வந்தது. பாயை உதறினார்கள். தலையணையில் கம்பியைக் குத்தி எடுத்தான். கம்பியோடு பஞ்சு வந்தது, பின்னாலேயே அரிசி வந்தது. கொஞ்சம்தான். மண்ணில் விழுந்து சிதறிய சத்தம் எனக்குக் கேட்டது. அவன் தலையணையைக் கிழித்துக் கவிழ்த்தான்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு விஷயம் புரிந்துவிட்டவர் மாதிரி பார்த்தார், அவ்வளவுதான்.

"நான்தான் வெச்சேன்," என்றார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் பேசவில்லை. பேசாதே என்று அவர் கண்ணைக் காட்டினார் என்று பின்னால் நான் சிலரிடம் சொன்னதுண்டு. அது பொய். அவர் ஒன்றும் காட்டவில்லை. எனக்குப் பயம், அதனால் வாய் வரவில்லை. அவரை லாரியில் ஏற்றும்வரை பெண்கள் வரிசையில் ஒரு தப்பும் செய்யாதவள் மாதிரி நின்றிருந்தேன்.

வெறும் அரிசிக் குற்றம் என்றால் சில மாதத்தில் விட்டிருப்பார்கள் என்று கிராணி சொன்னார். சங்கத்து ஆள், தலையணைக்குள் தைத்து மறைத்த அரிசி, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். முதலில் ரெம்பாவில் வைத்திருந்தார்கள், பிறகு சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு தடவை பார்க்க விட்டார்கள். பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார். மரம் நல்லா பால் குடுக்குதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அரிசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோது அவர் அங்கே இல்லை. இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி ஒரு வாரமாகிவிட்டது என்றார்கள்.

அந்த மாதமே அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் அடுப்படி மூலையில் மூடி வைத்திருந்த ஒரு பெரிய தகர டின்னைத் திறந்து காட்டினாள். முக்கால் டின் அரிசி இருந்தது. நாங்கள் வருவதாகக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து, அவளும் அத்தானும் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு எங்களுக்காகச் சேர்த்தது.

"அந்த மனுசனுக்குப் புத்தி எங்கடி போச்சு," என்றாள். "நான் சோறு போட மாட்டேன்னா நெனச்சாரு? நாலு டின் அரிசிக்கு உன் வாழ்க்கையக் கெடுத்துட்டாரே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானத்தில் குனிகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, நாகப்பட்டினத்திலிருந்து. அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. அவர் அம்மா சொன்ன ஊர்ப்பெயரை வைத்துத் தேடிப் போனதில், சொந்தம் என்று சொல்ல யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எழுதியிருந்தார்: "கப்பலில் ஏழு நாளும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட்டுக்குக் காசு கேட்கவில்லை. இங்கே ஒரு சத்திரத்தில் படுத்துக்கொள்கிறேன், இதற்கும் காசில்லை. நீ சந்தோஷப்படுவாய். அலைச் சத்தம் கேட்கிறது." குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். என்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதியிருப்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் வருகிறேன் என்று பதில் போட்டேன். கப்பல் கூலிக்காக அன்று முதல் உண்மையாகவே வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன். நான் போட்ட கடிதம் சில மாதம் கழித்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதன் பிறகு போட்டவை திரும்பியும் வரவில்லை.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சாகும்வரை தீபாவளிக்குத் தீபாவளி அவரைத் திட்டினாள். நல்ல மனுசன்தான், ஆனா அரிசியத் திருட்டுத்தனமாத் தலையணையில வெச்சானே, பொண்டாட்டிய நெனச்சுப் பாத்தானா என்பாள். நான் எதிரில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, ஆமாம் அக்கா, ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.