பச்சைப் பென்சிலும் திரும்ப முடியாத பஸ்ஸும்

என் மனைவி ஏறவேண்டிய பஸ்ஸை ஒரு பச்சைப் பென்சிலால் விரட்டியவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தில்லியில், நகரத்துக்குத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. வீடுகளுக்கு மஞ்சள், பூங்காவுக்குப் பச்சை. யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹார் பக்கம், எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைத்த மனையின் எதிரே பஸ் நிலையம் என்று குறித்திருந்தார்கள். என் வருங்காலப் பால்கனிக்கு நேரே ஹார்ன் சத்தம்! மே மாத மதியம். கூலரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அரைத்தூக்கத்தில் எனக்குச் சிவப்பாய்ப் பூத்த குல்மோஹர் மரங்கள் தெரிந்தன, கீழே ஒரு பெஞ்சும். பஸ் நிலையத்தை இரண்டு அங்குலம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பச்சை அடித்தேன். மேலே எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தவர் ஒருவருமில்லை, என்னையும் சேர்த்து.

வரைபடத்தின் இரண்டு அங்குலம் தரையில் எவ்வளவு தூரம் என்பது குடிபோன பிறகுதான் கால்களுக்குத் தெரிந்தது. பூங்கா இருக்கவேண்டிய இடத்தில் எருமைகள் ஊறும் சேற்றுப் பள்ளம். அரசு பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். சங்கத்தில் கூடிப் பேசி, சர்தார்ஜி ஒருவரின் பஸ்ஸை அமர்த்தினோம். ஓட்டுநரும் அவரே.

டிசம்பர் காலைகளில் அந்த பஸ் மூடுபனிக்குள் மிதந்து வரும். உள்ளே மஃப்ளருக்குள் பாதித் தூங்கும் முகங்கள். நிஜாமுதீன் பாலத்தில் ஏறினால் கீழே ஆறு இருக்காது, மேலே வானம் இருக்காது. வெண்மைக்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டு போவோம். லோதி ரோடு பள்ளியில் தமிழாசிரியையான என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அதற்காகவேதான் நான் அலுவலகம் போனேன் என்றால் என் மேலதிகாரி மறுக்கமாட்டார்.

ஆனால் எங்கள் தெருவில் பஸ் திரும்ப இடமில்லை. தெரு முழுக்க ரிவர்ஸிலேயே போகவேண்டும். ஒருநாள் பனியில் பின்சக்கரம் பால்காரரின் சைக்கிளை நசுக்கியது. அவர் குதித்துத் தப்பினார். சர்தார்ஜி இறங்கிவந்து நசுங்கிய சைக்கிளை ஓரமாக நகர்த்தினார்.

"அடுத்த மாசத்திலேர்ந்து இந்தப் பக்கமே வரமாட்டேன், சாப்" என்றார் இந்தியில். பிறகு பள்ளத்தைக் காட்டினார். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. எந்தப் புண்ணியவான் இதைப் பார்க்குனு எழுதினது?"

"அப்போ நான் வேலையை விடவேண்டியதுதான்" என்றாள் மனைவி. இருட்டில் மெயின் ரோடுவரை நடந்து அரசு பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் மணிக்குள் பள்ளிக்குப் போய்ச்சேர முடியாது.

சங்கச் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ்தானே சார்? அந்த ஆளைக் கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தேன். கோப்பில் என் சுருக்கொப்பம் அழகாகவே இருந்தது. மேலதிகாரி முன் நின்று உண்மையைச் சொன்னேன். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தவர், "உங்க பால்கனி எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு ஒரு ஏற்பாடு எழுதித் தந்தார்: பள்ளத்தைச் சங்கமே மண் கொட்டி நிரப்பவேண்டும், சர்தார்ஜி அதில் பஸ்ஸைத் திருப்பிக்கொள்ளலாம், அரசு பஸ் வந்தால் அதற்கும் இடம் விடவேண்டும். முதல் லாரி மண்ணை சர்தார்ஜியே கொண்டுவந்து கொட்டினார்.

ஜனவரியில் ஒரு காலை, பனிக்குள் அந்த பஸ் தேர்போல மெல்லத் திரும்பியது. அத்தனை பேரும் பால்கனிகளில் நின்று பார்த்தோம். அன்றிலிருந்து, போய் நிற்காத மண்ணுக்கு நான் வண்ணம் தீட்டியதில்லை.

அன்றே, பஸ் பாலத்தின் மேல் போகும்போது மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன், அந்தப் புண்ணியவான் நான்தான் என்று.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "கிரகப்பிரவேசத்தன்னிக்கே அந்தப் பள்ளத்தைக் காட்டி, 'இங்கே பார்க் வரப்போறது, நான் போட்டது'ன்னு எல்லார்கிட்டயும் நீங்கதானே பெருமையடிச்சீங்க. இல்லேன்னா செயலாளர் உங்களை எதுக்கு அனுப்பறார்?"